ஸக்கெர்: புனிதமா, சாபமா? ஒரு இலத்தீன் பெயரடை பற்றி

#1 வைகைக்கரை

ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் மூன்றாம் காண்டத்தை இலத்தீனிலேயே எழுத்துக்கூட்டிப் படித்து, எனக்காகத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். 56, 57ஆம் அடிகளில் வண்டி நின்றுவிட்டது.

கதை தெரியாதவர்களுக்கு: டிராய் நகரம் முற்றுகையில் இருக்கும்போது அரசன் பிரியாம் தன் மகன் பாலிடோரஸை ஏராளமான பொன்னோடு திரேஸ் நாட்டு மன்னனிடம் ஒப்படைக்கிறான். டிராய் சாய்கிறது. அடைக்கலம் கொடுத்தவனே பையனைக் கொன்றுவிட்டுப் பொன்னை எடுத்துக்கொள்கிறான். பிறகு டிராயிலிருந்து தப்பி அந்தக் கரையில் இறங்கும் காவிய நாயகன் ஈனியஸ், பலிபீடத்தை மூடத் தழை பிடுங்கும்போது செடியின் வேரிலிருந்து ரத்தம் வடிகிறது. மண்ணுக்குள்ளிருந்து பாலிடோரஸ் பேசுகிறான். இதையெல்லாம் கார்த்தேஜ் அரசி டைடோவிடம் சொல்லிவரும் ஈனியஸ், நடுவே பொறுக்கமாட்டாமல் கத்துகிறான்:

"க்விட் நோன் மோர்தாலிய பெக்தொர கோகிஸ், அவ்ரீ ஸக்ர ஃபமேஸ்!"

மனித நெஞ்சங்களை நீ எதைத்தான் செய்ய வைக்கமாட்டாய், பொன்னின் ______ பசியே!

கோடிட்ட இடத்தில் வருவது ஸக்ர. அகராதியில் ஸக்கெர் என்ற சொல்லுக்கு முதலில் நிற்கும் பொருள் 'புனிதமான'. பொன்னின் புனிதப் பசியா? கொலைகாரனைத் திட்டுகிற இடத்தில் புனிதத்துக்கு என்ன வேலை? அகராதியில் இன்னும் கீழே போனால் 'சபிக்கப்பட்ட' என்றும் இருக்கிறது. ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் சாயும்? ஸக்ர என்பது பொன்னுக்கு அடையா, பசிக்கு அடையா என்பதும் தெளியவில்லை. தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

#2 பழைய செமினரிக்காரன்

தம்பி, முதலில் இலக்கணத்தை முடித்துவிடுவோம். 'அவ்ரீ' என்பது அவ்ரும் (பொன்) என்ற நடுப்பால் சொல்லின் ஆறாம் வேற்றுமை. பெயரடை பொன்னோடு சேர வேண்டுமென்றால் 'ஸக்ரீ' என்று வந்திருக்கும். 'ஃபமேஸ்' பெண்பால், விளி. ஆகவே ஸக்ர பசிக்குத்தான். கடைசி உயிர் குறில் என்பதை யாப்பே காட்டிக்கொடுக்கும்: அடியின் இரண்டாம் சீர் 'ஸக்ர ஃப', நெடில் குறில் குறில். நீட்டி 'ஸக்ரா' என்றால் அது வேறு வேற்றுமையாகிவிடும், சீரும் தட்டும்.

ஆண்பால் ஸக்கெர், பெண்பால் ஸக்ர, நடுப்பால் ஸக்ரும். ஆண்பால் எழுவாயில் மட்டும் தலைகாட்டும் எகரம் மற்ற இடங்களில் விழுந்துவிடும். மிஸெர் (பரிதாபமான) என்ற சொல்லில் அது விழாது. மிஸெர, மிஸெரும் என்றே போகும். எங்கள் காலத்தில் செமினரியில் இதைத் திருச்சபை உச்சரிப்பில் 'ஸாச்செர்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சிசேரோ காதில் அது விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இப்போது பொருள். நான்காம் நூற்றாண்டு ஒட்டி வாழ்ந்த உரையாசிரியர் செர்வியுஸ் இதே அடிக்கு உரை எழுதும்போது 'ஸக்ர, அதாவது எக்ஸெக்ராபிலிஸ்' என்று பட்டென்று சொல்லிவிடுகிறார். சாபத்துக்குரிய, அருவருக்கத்தக்க. அதோடு ஒரு கதையும் தருகிறார். மஸ்ஸிலியாவில் (இன்றைய மார்சேய்) கொள்ளைநோய் வந்தால் ஏழை ஒருவன் தானாக முன்வருவானாம். ஓராண்டு முழுக்க ஊர்ச் செலவில் அவனுக்குச் சுத்தமான நல்ல சாப்பாடு. ஆண்டு முடிந்ததும் தழை சூட்டி, புனித ஆடை உடுத்தி, ஊரெல்லாம் சுற்றி அழைத்து வருவார்கள். வழிநெடுக எல்லோரும் சாபம் போடுவார்கள், ஊரின் கேடெல்லாம் அவன் தலையில் இறங்கட்டும் என்று. பிறகு தள்ளிவிடுவார்கள். இதை ரோம எழுத்தாளர் பெட்ரோனியுஸிடம் படித்ததாகச் சொல்கிறார் செர்வியுஸ்.

உடுத்திய ஆடை புனிதம், காதில் விழுவது சாபம். ஆள் ஒருவன்தான்.

#3 அரைகுறை

செர்வியுஸ் சொன்ன கதையை அப்படியே விழுங்காதீர்கள் ஐயா. வெர்ஜில் அந்த வழக்கத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்பதற்கு என்ன ஆதாரம்? உரையாசிரியர்களுக்கு ஒரு சொல் கிடைத்தால் போதும், கதை கட்டிவிடுவார்கள். நம் ஊர் உரையாசிரியர்களை நாம் பார்க்காததா?

#4 பழைய செமினரிக்காரன்

கதையை விட்டுவிடுங்கள், உரை நிற்கும். 'கெட்ட' என்ற பொருளில் ஸக்கெர் பேச்சுவழக்கிலேயே இருந்தது. ரோம நகைச்சுவை நாடக ஆசிரியர் பிளாட்டஸின் பாக்கிடெஸ் நாடகத்தில் கிரிஸாலுஸ் என்ற அடிமை "ஏகோ சும் மாலுஸ், ஏகோ சும் ஸக்கெர், ஸ்கெலெஸ்துஸ்" என்கிறான். நான் கெட்டவன், நான் ஸக்கெர், நான் படுபாவி. புனிதன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற இடமா அது? வெர்ஜிலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய வழக்கு.

ரோமக் கவிஞன் கத்துல்லுஸின் 14ஆம் பாட்டு இன்னும் வேடிக்கை. நண்பன் கால்வுஸ், சாட்டர்னாலியா பண்டிகைக்குப் பரிசாக மோசமான கவிஞர்களின் தொகுப்பு ஒன்றை அனுப்பிவைக்கிறான். கத்துல்லுஸ் தலையில் அடித்துக்கொள்கிறான்: பெரிய தெய்வங்களே, என்ன பயங்கரமான, ஸக்கெரான புத்தகம்! நம் பேச்சில் 'நாசமாப்போன புத்தகம்'.

#5 நீதிமன்ற வராந்தா

இலக்கியத்தில் தேடுவதைவிடச் சட்டத்தில் தேடினால் சீக்கிரம் புரியும் என்பது என் கட்சி. தொழில் புத்தி.

ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டம், கி.மு. 451–450. அதில் ஒரு வரி: "பத்ரோனுஸ் ஸீ க்லியெந்தீ ஃப்ரவ்தெம் ஃபேகெரித், ஸக்கெர் எஸ்தோ." தன்னை அண்டியிருப்பவனுக்குப் புரவலன் துரோகம் செய்தால் அவன் ஸக்கெர் ஆகட்டும். தண்டனையே இந்தப் பெயரடைதான். அபராதம் கிடையாது, சவுக்கடி கிடையாது. ஆகட்டும், அவ்வளவே.

ரோமின் ஆறாம் மன்னன் செர்வியுஸ் துல்லியுஸ் பெயரில் வழங்கும் பழஞ்சட்டம்: பெற்றவரை மகன் அடித்து, அவர் கதறினால், அந்த மகன் பெற்றோரின் தெய்வங்களுக்கு ஸக்கெர். இரண்டாம் மன்னன் நூமா பெயரில் இன்னொன்று: எல்லைக்கல்லை உழுது பெயர்த்தவன் மட்டுமல்ல, ஏரில் பூட்டிய மாடுகளும் ஸக்கெர். மாடு என்ன பாவம் செய்தது என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில்தான் விடை இருக்கிறது: இது குணத்தைப் பற்றிய சொல்லே இல்லை. மாட்டுக்கு நல்ல குணம், கெட்ட குணம் கிடையாது. இது உடைமையைப் பற்றிய சொல். 'இனி மனிதர்களுடையது அல்ல, தெய்வத்துடையது.'

இன்னும் தெளிவான சாட்சி வரலாற்றாசிரியர் லிவி, மூன்றாம் நூல், 55ஆம் அத்தியாயம். கி.மு. 449இல் வந்த சட்டம்: மக்கள் பிரதிநிதியான திரிபூனுக்குத் தீங்கு செய்தவனின் தலை யூபிட்டருக்கு ஸக்ரும்; அவன் சொத்து கேரஸ், லீபெர், லீபெரா கோயிலில் விற்கப்படும். தலை ஒரு தெய்வத்துக்கு, சொத்து இன்னொரு கோயிலுக்கு. பத்திரப்பதிவு மாதிரி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இலக்கணத்திலும் பாருங்கள், இந்தப் பெயரடை நான்காம் வேற்றுமையை இழுத்துக்கொண்டு வரும்: யோவீ ஸக்ரும், யூபிட்டருக்கு ஆனது. 'யாருக்கு?' என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ப் 'புனிதம்' அப்படிக் கேட்காது.

#6 வைகைக்கரை

வராந்தா சார், அப்படியென்றால் கோயில் நிலமும் ஸக்கெர், அப்பனை அடித்தவனும் ஸக்கெர். இரண்டும் தெய்வத்தின் கணக்கில் ஏறிவிட்டவை. நிலத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும், மனிதனைப் பார்த்தால் விலகத் தோன்றும். சரியாகப் பிடித்தேனா?

#7 நீதிமன்ற வராந்தா

அதேதான். ஒரு திருத்தம் மட்டும்: நிலம் சும்மா ஏறாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு சட்ட ஆசிரியர் காயுஸ் மூன்றாகப் பிரிக்கிறார். மேலுலகத் தெய்வங்களுக்கு அர்ப்பணித்தவை ரேஸ் ஸக்ரே. இறந்தோரின் ஆவிகளுக்கு விட்டவை, அதாவது கல்லறைகள், ரேஸ் ரெலிகியோஸே. நகர மதில், வாசல்கள் ரேஸ் ஸான்க்தே. இதில் என் சொந்த நிலத்தில் நான் பிணம் புதைத்தாலே அது ரெலிகியோஸும் ஆகிவிடும். ஆனால் ஸக்ரும் ஆக்க எனக்கு அதிகாரம் இல்லை. ரோம மக்களின் ஒப்புதல் வேண்டும், சட்டமோ செனட் தீர்மானமோ. ஒருவன் தன் வீட்டு மாடத்தில் சிலை வைத்துக் கும்பிட்டால் அது பக்தி, சட்டப்படி ஸக்ரும் அல்ல.

#8 கொடிக்கம்பம்

எங்க ஊர்ல இதுக்கு ரெடிமேடா ஒரு வழக்கு இருக்குங்க. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அதை யாரும் விக்க மாட்டாங்க, அடிக்க மாட்டாங்க, வயல்ல மேஞ்சாலும் விரட்ட யோசிப்பாங்க. அதே வாயால, உருப்படாம சுத்துற பையனைப் பாத்து 'கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாதிரி திரியிறான்'னு திட்டுவாங்க. வீட்டுக்கு அடங்காதவனை 'அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு'ம்பாங்க. ரெண்டும் ஒரே பேச்சுதான். இந்த ரோமாபுரிக்காரங்க சொல்றது எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு.

#9 நீதிமன்ற வராந்தா

கொடிக்கம்பம் அண்ணே, பிரமாதம். நான் பத்து பத்தி எழுதியதை ஒரு கிடாவில் முடித்துவிட்டீர்கள்.

#10 அரைகுறை

கிடா அழகுதான், ஆனால் முக்கியமான இடத்தில் பொருந்தாது. நேர்ந்துவிட்ட கிடாவைக் கடைசியில் அந்தச் சாமிக்கே வெட்டுவார்கள். ரோமில் ஸக்கெர் ஆன மனிதனைப் பலியிடவே கூடாது! அகராதிக்காரர் ஃபெஸ்துஸ் சொல்வது: 'ஹோமோ ஸக்கெர் என்பவன் குற்றத்துக்காக மக்கள் தீர்ப்பளித்தவன். அவனைப் பலியிடுவது முறையல்ல. ஆனால் அவனைக் கொன்றவன் கொலைக்குற்றவாளி ஆகமாட்டான்.' பலிக்கும் ஆகாது, கொன்றாலும் கேட்பாரில்லை. இத்தாலியச் சிந்தனையாளர் ஜியார்ஜியோ அகம்பென் 1995இல் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு புத்தகமே எழுதினார்: சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டும் சட்டத்தின் பிடியிலேயே இருக்கிற வெற்று உயிர், அதன்மீதுதான் அரசதிகாரம் எழுந்து நிற்கிறது என்று.

எனக்கு அவர் வாதத்தில் நம்பிக்கை குறைவு. ஃபெஸ்துஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. அவர் சுருக்கி எழுதியது அகஸ்டஸ் காலத்து வெர்ரியுஸ் ஃப்ளாக்குஸின் நூலை. பன்னிரு பலகைக்கும் இவர்களுக்கும் இடையே நானூறு முதல் அறுநூறு ஆண்டு. ஒற்றை வரியின் மேல் இவ்வளவு பெரிய மாளிகையா?

#11 நீதிமன்ற வராந்தா

ஒற்றை வரி இல்லை. ரோம எழுத்தாளர் மாக்ரோபியுஸும் இதே முடிச்சைத் தொடுகிறார்: மற்ற ஸக்கெர் பொருள்களைத் தொட்டுக் கெடுப்பது பாவமாயிருக்க, ஸக்கெர் மனிதனை மட்டும் கொல்லலாம் என்பது எப்படி? அவர் தரும் விளக்கம்: அந்த மனிதர்களின் உயிர் தெய்வங்களுக்குச் சேரவேண்டிய பாக்கி, அதைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்தார்கள். அவரும் பிற்காலத்தவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோமர்களுக்கே இது புதிராக இருந்தது என்பதற்கு இரண்டாவது சாட்சி.

பலியிடக்கூடாது என்பதற்கு எனக்குச் சரியாகப் படும் காரணம் எளியது. பலி என்பது என்னுடையதைத் தெய்வத்துக்கு மாற்றிக் கொடுப்பது. ஏற்கெனவே தெய்வத்துடையதாகிவிட்டதை நான் எப்படித் திரும்பக் கொடுக்க முடியும்? அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை அவருக்கே மொய் எழுத முடியாதே.

#12 பழைய செமினரிக்காரன்

அரைகுறை தம்பி மேற்கோளைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஃபெஸ்துஸ் அதே பதிவின் முடிவில் சொல்வதுதான் #1க்குத் தேவை: 'இதிலிருந்துதான் எந்தக் கெட்டவனையும் அயோக்கியனையும் ஸக்கெர் என்று அழைக்கும் வழக்கம் வந்தது.' சட்டச்சொல் தெருவுக்கு இறங்கி வசவான கதை. கிரிஸாலுஸ் பேசியது, கத்துல்லுஸ் பேசியது எல்லாம் இந்தத் தெருவழக்கு.

ரோமக் கவிஞர் ஹொராஸின் ஏழாம் எபோடு பாட்டும் கவனிக்கத்தக்கது. ரோமை நிறுவிய ரோமுலுஸ் கொன்ற தம்பி ரெமுஸின் ரத்தம் மண்ணில் விழுந்ததை 'ஸக்கெர் நெபோத்திபுஸ் க்ருவொர்' என்கிறார், பேரப்பிள்ளைகளுக்கு ஸக்கெரான ரத்தம். அங்கே வசவு இல்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும் காலம். அண்ணன் தம்பியைக் கொன்ற கடன் தலைமுறை தலைமுறையாக இன்னும் தீரவில்லை என்கிற நடுக்கம். இங்கும் நான்காம் வேற்றுமை வந்து நிற்கிறது பாருங்கள்.

#13 மொன்றியல் பனி

நான் இலத்தீன் படிச்சவன் இல்லை, ஆனா பிரெஞ்சிலை இந்தச் சொல் இண்டைக்கும் ரெண்டு முகத்தோடைதான் திரியுது. 'ஸக்ரே' எண்ட பெயரடை பெயருக்குப் பின்னாலை வந்தால் புனிதம்: ம்யூஸிக் ஸக்ரே எண்டால் கோயில் இசை. முன்னாலை வந்தால் வசவு: ஸக்ரே மோந்தேர் எண்டால் படுபொய்யன். இடம் மாறினால் பொருள் மாறுது.

இஞ்சை கியூபெக்கிலை இன்னும் ஒருபடி மேலை. கெட்ட வார்த்தைக்குப் பேரே 'ஸக்ர்'. திட்டுறதுக்கு 'ஸக்ரே' எண்டு வினை. அந்தக் கெட்ட வார்த்தையள் என்ன தெரியுமோ? நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், அப்பம். எல்லாம் பீடத்திலை இருக்கிற சாமான். வேலைத்தலத்திலை ஆணி கையிலை ஏறினால் ஆக்கள் வரிசையாப் பூசைச் சாமான் எல்லாத்தையும் சொல்லி முடிப்பினம்.

#14 அரைகுறை

அண்ணன் சொன்னது சுவையானது, ஆனால் எச்சரிக்கை. ஃபிராய்டு 1910இல் கார்ல் ஆபெல் என்பவரைப் பின்பற்றி, ஆதிச் சொற்களெல்லாம் எதிரெதிர்ப் பொருளைத் தாங்கியவை என்றார். அவர் காட்டிய உதாரணங்களில் இந்த ஸக்கெரும் உண்டு, உயரம்–ஆழம் இரண்டையும் குறிக்கும் அல்துஸும் உண்டு. மொழியியலாளர் பென்வெனிஸ்த் 1956இல் இதை மறுத்தார். அல்துஸ் என்பது ஒரே நெடுக்களவு. கிணற்றின் மேலே நின்று பார்த்தால் ஆழம், மரத்தின் கீழே நின்று பார்த்தால் உயரம். ஸக்கெரிலும் சொல்லின் பொருள் ஒன்றுதான், அதன் முன்னால் மக்கள் எடுத்த நிலைதான் இரண்டு. ஆதிமனிதன் குழம்பிப்போய் எதிர்ச்சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டான் என்பது வெறும் கற்பனை.

ஆக, வராந்தாவின் 'உடைமை' விளக்கத்தோடு நான் ஒத்துப்போகிறேன். அகம்பெனோடுதான் இல்லை.

#15 நீதிமன்ற வராந்தா

இந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் மக்களே.

#16 இடுப்புவலி

பிசியோதெரபி படிக்கிறேன். ஒரு சின்ன சந்தேகம். முதுகெலும்பின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒட்டி முக்கோணமாக இருக்கும் சேக்ரம் இதே சொல்தானா? அதில் என்ன புனிதம், என்ன சாபம்? வலியைப் பார்த்தால் சாபம் மாதிரிதான் இருக்கிறது.

#17 பழைய செமினரிக்காரன்

அதேதான் அம்மா. ஓஸ் ஸக்ரும், கிரேக்க மருத்துவர்கள் 'ஹியெரோன் ஒஸ்தெயோன்' என்றதன் நேர் மொழிபெயர்ப்பு. கிரேக்கர் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்குப் பல விளக்கம்: பலியில் அந்தப் பாகத்தைத் தெய்வத்துக்கு வைத்தார்கள் என்பார்கள், ஹியெரோஸ் என்றால் அங்கே 'பெரிய' என்றுதான் பொருள் என்றும் சொல்வார்கள்.

உங்கள் துறையில் இன்னொன்றும் உண்டு, 'இக்னிஸ் ஸக்கெர்', ஸக்கெர் நெருப்பு. தோலில் பரவி எரியும் ஒருவகைப் புண். மருத்துவ நூல் எழுதிய கெல்ஸுஸ் இதை விவரிக்கிறார். வெர்ஜிலே தன் ஜியார்ஜிக்ஸ் மூன்றாம் நூலை இதைக்கொண்டுதான் முடிக்கிறார்: கால்நடைக் கொள்ளைநோயில் செத்த ஆட்டின் கம்பளியை எடுத்து உடுத்தியவனின் உடலை ஸக்கெர் நெருப்பு தின்றது. நோயைத் தெய்வம் அனுப்பியது என்ற எண்ணம் அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது.

#18 வைகைக்கரை

ஒரு கிளைக்கேள்வி. பூசையில் 'ஸாங்க்துஸ், ஸாங்க்துஸ், ஸாங்க்துஸ்' என்றுதானே பாடுவார்கள்? ஸக்கெர் ஏன் இல்லை?

#19 பழைய செமினரிக்காரன்

நல்ல கேள்வி. ஸாங்க்துஸ் என்பது ஸான்கியோ என்ற வினையிலிருந்து வந்த எச்சம்: சட்டத்தால் வேலி கட்டப்பட்ட, மீறக்கூடாத. அதனால்தான் காயுஸ் மதிலுக்கு அதைச் சொன்னார். மனிதரின் ஒழுக்கத்தைப் புகழவும் ரோமர்கள் அதைத்தான் எடுத்தார்கள். ஸக்கெரை மனிதன் மேல் வைத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே! கிறிஸ்தவர்கள் ஆவியானவருக்கும் புனிதர்களுக்கும் ஸாங்க்துஸ் என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஸக்கெர் நூலுக்கும் பொருளுக்கும் போயிற்று: ஸக்ர ஸ்க்ரிப்தூரா. இயேசுவின் திருஇருதயத்துக்குக்கூட 'ஸக்ராதிஸ்ஸிமும்' என்ற எச்சவழிச் சொல்தான், நேரான ஸக்கெர் அல்ல. அரசுக்கு வந்தால் மறுபடி ஸக்ரும்: புனித ரோமப் பேரரசுக்கு அந்த அடைமொழி பிரெடெரிக் பார்பரோஸா காலத்தில், 1157இல் ஏறியது.

#20 அரைகுறை

வெர்ஜில் அடிக்குத் திரும்புவோம், ஏனென்றால் இந்த ஒரு பெயரடை இத்தாலியக் கவிஞர் தாந்தேயையும் சிக்கவைத்தது. இறந்தோர் பாவம் கழுவும் மலையைப் பாடும் அவருடைய புர்கத்தோரியோ, 21, 22ஆம் காண்டங்கள். கவிஞர் ஸ்தாத்தியுஸ், பேராசைக்காரர்களும் ஊதாரிகளும் கழுவாய் தேடும் தளத்தில் வெர்ஜிலைச் சந்திக்கிறார். 'நான் ஊதாரி. உங்கள் அந்த வரியைப் படித்துத்தான் திருந்தினேன்' என்கிறார். பேராசையைத் திட்டும் வரி ஊதாரியைத் திருத்துமா? தாந்தே இத்தாலியனில் அதை 'ஓ ஸாக்ரா ஃபாமே தெ லோரோ' என்று மாற்றி எழுதும்போது, 'புனிதமான பொற்பசியே, மனிதர் ஆசையை நீ ஏன் அளவோடு ஆளக்கூடாது?' என்று படிக்க இடம் கொடுக்கிறார். அளவான பொருளாசை நல்லது என்பதுபோல. உரையாசிரியர்கள் இரண்டு அணியாக நின்றார்கள்: தாந்தே வேண்டுமென்றே திருப்பினார் என்று ஒரு அணி, இல்லை, அவரும் 'சபிக்கப்பட்ட' என்றே படித்தார் என்று மறு அணி. நான் முதல் அணி. ஸ்தாத்தியுஸ் திருந்த வேண்டுமென்றால் அந்தப் புரட்டல் தேவை.

#21 வைகைக்கரை

தமிழில் இப்போதைக்கு 'பாழாய்ப்போன பொற்பசியே' என்று எழுதி வைத்திருக்கிறேன். தெய்வம் தொலைந்துவிட்டது, தெரிகிறது. 'தெய்வக் குற்றம்' என்ற சேர்க்கையை எங்காவது நுழைக்கப் பார்த்தேன், அடி நொண்டுகிறது.

#22 கொடிக்கம்பம்

பாழாய்ப்போனவே போதும் தம்பி. ஆத்திரத்துல கத்துறவன் அதத்தான் கத்துவான்.

#23 இடுப்புவலி

இந்தச் சொல் எப்போதாவது சாதாரணமாக, பயம் இல்லாமல் வந்திருக்கிறதா? எல்லா இடத்திலும் ரத்தமும் நெருப்புமாக இருக்கிறதே.

#24 பழைய செமினரிக்காரன்

பன்றி விலை கேட்கும் இடத்தில் வந்திருக்கிறது! 'ஸக்ரேஸ்' என்று இதற்கு ஒரு பழைய பன்மை வடிவம் உண்டு, வேறு வாய்பாடு. பிறந்து பத்தாம் நாள் ஆனதும் பன்றிக்குட்டி சுத்தமானதாகக் கருதப்பட்டதால், முன்னோர் அதை ஸக்ரேஸ் என்று அழைத்தார்கள் என்கிறார் ரோம அறிஞர் வர்ரோ. பலிக்குத் தகுதி, அவ்வளவுதான்.

பிளாட்டஸின் மெனெக்மி நாடகம் இரட்டையர் குழப்பம். வெளியூரிலிருந்து இப்போதுதான் வந்திறங்கிய ஒருவனைச் சமையற்காரன் கிலிந்த்ருஸ், அவன் இரட்டைப்பிறவி என்று நினைத்துக்கொண்டு, பலநாள் பழகியவன் போலப் பேசுகிறான். வந்தவன் கேட்கிறான்: "இந்த ஊரில் பன்றி என்ன விலை? ஸக்ரேஸ், குறையில்லாதவை?" ஒன்று ஒரு காசு என்கிறான் சமையற்காரன். "இந்தா, என் கையிலிருந்து ஒரு காசு. என் செலவில் போய்ப் பரிகாரம் செய்துகொள். உனக்கு நிச்சயம் பைத்தியம்தான்."